பெருவிரல் வேணாம்

கொட்டாஞ்சேனையில்
காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு.
படியேறும்போது கீழே டொலர் விலையைப் பார்த்துக்கொள்வோம்,
ஒருவருக்கொருவர் தெரியாமல்.

பதினொரு பேர். ஒரு கட்டில்.
கட்டிலில் ஒரு ரப்பர் மனிதர்.
புரட்டும்போது இடது கை தோளோடு கழன்றுவிடும்.
துஷாரி ஒவ்வொரு தடவையும் அவரிடம் மன்னிப்புக் கேட்பாள்.
முதுகைத் துடை, தாளை மாற்று,
புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை திருப்பு.
எங்கள் பதினொரு பேரிடமும் பட்டும்
அவர் ஒரு நாளும் முனகியதில்லை.
அதுதான் குறை.

முப்பத்தாறு வயதில் கொப்பி வாங்கினேன்.
ஒன்பது வருஷம் வெள்ளவத்தை சூப்பர் மார்க்கெட்டில்
பில் போட்ட விரல்கள்.
பீப் என்றால் சரி,
இல்லையென்றால் இன்னொருமுறை காட்டு.
நாடிக்குப் பீப் இல்லை.

சொல்லித்தரும் சுரங்க
என்னைவிட எட்டு வயது சின்னவர்.
தமிழைப் படியிறங்குவதுபோல்
பார்த்துப் பார்த்துப் பேசுவார்.
ரிஸ்மியாவின் மணிக்கட்டை நான் பிடித்த விதம் கண்டு சொன்னார்:
"பெருவிரல் வேணாம் அக்கா.
அதில உங்கட நாடி துடிக்கும்.
அதை எண்ணி அவங்கட எண்டு எழுதிப்போடுவீங்க."

நடு இரண்டு விரல். மெல்ல அழுத்து. முழு நிமிஷம்.
தொண்ணூற்றாறு.
"பயமா?" என்றேன்.
"பசி," என்றாள் ரிஸ்மியா.

மூன்றாம் மாதம் வெளிக்களப் பயிற்சி.
கிராண்ட்பாஸில் கால்வாயை ஒட்டிய தோட்டம்.
கையில் டெங்குப் படிவம், கழுத்தில் அட்டை.
முப்பத்தொன்றாம் இலக்க வீட்டில்
ஒரு நீலப் பீப்பாய், மூடியில்லை.
டோர்ச் அடித்தேன்.
குடம்பிகள் அரைப்புள்ளிகளாய் நெளிந்தன.

"இதைக் கவிழ்க்க வேணும்."
"கவிழ்க்க ஏலாது."
"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்?"
"வந்தால் பார்ப்பம்."
பெயர் பிரான்சிஸ்கா. கையில் மாவு.
என்னைப் பார்க்காமலே ரொட்டியைத் தட்டினாள்.

ஒத்துழைப்பு: ஆம் / இல்லை.
இல்லை என்பதில் சரி போட்டேன்,
பேனாவால், அழுத்தி.

நூற்று ஐம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸில்
நின்றுகொண்டு வந்தேன்.
மருதானைப் பாலத்தில் வாகனம் அசையவில்லை.
கம்பியைப் பிடித்த கையில்
பெருவிரலுக்குள் ஏதோ அடித்தது, டக் டக்கென்று.
வேர்வை என்று நினைத்தேன்.
வேர்வை துடிக்காது.

நான் அவளிடம் கேட்காத கேள்வி ஒன்றுதான்.
அது படிவத்திலும் இல்லை.

மறுநாள் புதுப் படிவம் கேட்டேன்.
இலக்கம் போட்டவை, மாற்றமுடியாது என்றார் சுரங்க.
"ஓரத்தில எழுதுங்க."
ஓரம் என்பது
சுண்டுவிரல் அகலம்.

அதனால் விடியப்புறம் நாலரைக்குப் போனேன்.
கட்டாயமில்லை, மார்க்கும் இல்லை.
சந்தில் வாளிகள் வரிசை.
முந்தானையை இடுப்பில் செருகி
பிரான்சிஸ்கா ஐந்தாவது.
"ஆறு மணிக்கு நிண்டிடும்.
பேந்து நாளைக்குத்தான்.
ஆறு பேர் குளிக்கிறம், குடிக்கிறம், சமைக்கிறம்.
கவிழ்க்கச் சொல்லுறியள்."

கைப்பையிலிருந்து நுளம்புவலைத் துண்டையும்
சைக்கிள் டியூப்பில் வெட்டிய வளையத்தையும் எடுத்தேன்.
பீப்பாயின் வாயளவுக்கு இழுத்துப் பார்த்தாள்.
"எவ்வளவு?"
"காசு வேண்டாம்."
"அப்ப ஏன்?"

பதில் வரவில்லை.
"நாடி பார்த்துப் பழக வேணும், கை தாறீங்களா?" என்றேன்.
சிரித்தாள். கையைத் துடைக்காமலே நீட்டினாள்.

நடு இரண்டு விரல்.
பெருவிரலைத் தூக்கித் தனியே வைத்துக்கொண்டேன்,
வாசலுக்கு வெளியே செருப்பை விடுவதுபோல்.
ஈரத்துக்கு அடியில்
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு, தூரத்தில் யாரோ அம்மி நகர்த்துவதுபோல்,
ஒன்று. இரண்டு.

குழாய் இருமியது.
சந்து முழுக்க வாளிகள் எழுந்தன.
கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

நாற்பத்தேழுவரை எண்ணியிருந்தேன்.
நிமிஷம் முடியவில்லை.
அதை எங்கும் எழுதவில்லை.
ஓரத்தில் மட்டும்,
சுண்டுவிரல் அகலத்தில்:
தண்ணீர், நாலரை முதல் ஆறு.